ஜெசிந்தா அக்காவின் மறதிக்காரப் பெட்டி

செய்தி வந்தபோது நான் செங்கலடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் நாடகக் குழுவின் மின்சாதனங்களைப் பழுது பார்க்கும் ரமணன் டெலிபோன் எடுத்தார். "வனிதா அக்கா, எங்க நிக்கிறீங்க?" என்றார். சந்தையில் என்றேன். "அப்ப வீட்ட போனாப் பிறகு எடுக்கிறன்" என்று இழுத்தார். அந்த இழுவையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சொல்லுங்கள் என்றேன். "ஜெசிந்தா அக்கா மோசம் போயிற்றா. விடியக்காலம, நித்திரையிலயே."

பொறுக்கிய காய்களைத் திரும்பவும் குவியலில் போட்டேன். கடைக்காரப் பெண்ணுக்கு மனக்குறை. "ஏனக்கா, நல்ல காய்தானே?" என்றார். நல்ல காய்தான் என்று சொல்லிவிட்டு பஸ் எடுக்க நடந்தேன்.

செத்த வீட்டில் எங்கள் குழுவின் சார்பில் ஒருவர் பேசினார். இருளகற்றியவர், ஒளியேற்றியவர், கலைத்தாயின் திருவிளக்கு என்றெல்லாம் சொன்னார். நல்ல மனிதர்தான், நல்லெண்ணத்தோடுதான் பேசினார். ஆனால் ஜெசிந்தா அக்காவுக்குக் காது கேட்டிருந்தால் சவப்பெட்டிக்குள் இருந்தே கத்தியிருப்பார். முன்பு ஒருமுறை பத்திரிகைக்காரர் ஒருவர் "உங்கள் ஒளிக் கலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது, "ஒளியும் இல்ல, கிளியும் இல்ல. கரண்ட் தம்பி, கரண்ட். கவனமில்லாட்டி அடிக்கும்" என்று சொல்லி அனுப்பியவர் அவர். அவரை அறிந்த நீங்கள் எல்லோருமே அவரிடம் ஒருமுறையாவது ஏச்சு வாங்கியிருப்பீர்கள். அதனால் திருவிளக்கை விட்டுவிட்டு எனக்குத் தெரிந்த ஜெசிந்தா அக்காவைப் பற்றி எழுதுகிறேன்.

மட்டக்களப்பு நகரில் அவரும் கணவருமாக ஒலிபெருக்கியும் லைட்டும் வாடகைக்கு விடும் தொழில் செய்தார்கள். மாதா கோயில் திருநாள், அம்மன் கோயில் சடங்கு, கலியாணம், தேர்தல் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவர்கள்தான். கணவர் வருத்தம் வந்து படுத்து இறந்தபிறகும் அவர் தொழிலை விடவில்லை. ஏணியில் ஏறி நிற்கும் விதவையைப் பார்த்து ஊர் கொஞ்ச நாள் வாய் பிளந்தது, பிறகு பழகிவிட்டது. அவருக்கு ஒரே ஒரு மகன். அவன் போர் நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தான். எப்படி அங்கே போனான் என்பது நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொழும்பில் ஒரு மண்டபத்தில் கழித்துவிட்ட லைட் போர்ட் ஒன்று எங்கள் குழுவுக்கு வந்தபோதுதான் அவர் நாடகத்துக்குள் வந்தார். மேசை அளவான பெட்டி. சின்னத் திரை ஒன்று, மேலும் கீழும் தள்ளும் பிடிகள் வரிசையாக, பட்டன்கள். கொண்டுவந்த ஆள் ஒரு பின்னேரம் மட்டும் இருந்து காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மேடையில் எந்த லைட் எவ்வளவு எரிய வேண்டும் என்று பிடிகளைத் தள்ளி ஒரு காட்சியை அமைத்து, பதிவுப் பட்டனை அமத்தி, அதற்கு ஒரு நம்பர் கொடுத்தால், அது ஒரு கியூ. நாடகம் நடக்கும்போது ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டே போனால் கியூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடைக்கு வரும்.

இதை எங்களுக்கு விளக்கியது ஜெசிந்தா அக்காதான். "கூப்பன் கடையில கியூவில நிக்கிறமே, அதுதான் இதுவும். ஒவ்வொரு வெளிச்சமும் நம்பர் பிடிச்சு வரிசையா நிக்கிது. முறை வந்தாத்தான் உள்ள விடுவன்." எங்களுக்கு உடனே விளங்கியது. கியூவில் நிற்காத மனிதர் மட்டக்களப்பில் யார் இருந்தார்? அது வேறு சொல், இது வேறு சொல் என்று பிறகு ஆங்கிலம் படித்த ஒருவர் திருத்தினார். ஜெசிந்தா அக்கா அதை நம்பவேயில்லை. "ரெண்டிலயும் நிண்டு காய வேண்டியிருக்குது. பிறகு என்ன வித்தியாசம்?" என்றார்.

காய்வது உண்மை. கியூ பதியும்போது மேடையில் ஓர் ஆள் நிற்க வேண்டும். "வெளிச்சம் காத்தில தெரியாது புள்ள. ஆள்ல பட்டாத்தான் தெரியும்" என்பார். நடிகர்களுக்கு இந்த வேலை பிடிக்காது. வசனம் இல்லை, கைதட்டல் இல்லை, தலைக்கு மேலே லைட்டின் சூடு மட்டும் இருக்கும். ஆள் ஆளாக நழுவிவிடுவார்கள். அவர் மண்டபத்தின் பின்பக்கம் இருட்டில் பெட்டியோடு இருந்துகொண்டு, "நடிக்கிறதெல்லாம் பிறகு பாப்பம், முதல்ல வெளிச்சத்துக்குள்ள நிக்கப் பழகுங்க" என்று கத்துவார். நாடகம் முடிந்து ஊரே பாராட்டும்போது அவர் சொல்லும் ஆகக் கூடிய பாராட்டு, "பரவாயில்ல, முகம் தெரிஞ்சிது." அதை வாங்கிவிட்டால் நாங்கள் ஒரு கிழமைக்கு நிலத்தில் நடக்க மாட்டோம்.

சுனாமியில் நான் பெரியகல்லாற்றில் இருந்த என் வீட்டையும், வீட்டுக்குள் இருந்த என் கணவரையும் மகளையும் இழந்தேன். அன்று நான் செங்கலடியில் என் தமக்கை வீட்டுக்கு வந்திருந்தேன். கிறிஸ்மஸ் விடுமுறை, மகளுக்குக் கொஞ்சம் தடிமன் காய்ச்சல், அதனால் அவளை அப்பாவோடு விட்டுவிட்டு வந்திருந்தேன். இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி என்னால் எழுத முடியாது. பிறகு தமக்கை வீட்டிலேயே தங்கிவிட்டேன். கதைக்கவில்லை. கதைக்கக் கூடாது என்று இருக்கவில்லை, கதைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வந்தவர்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள். அவர்கள் அழுது முடியும்வரை நான் பொறுத்திருந்தேன்.

ஜெசிந்தா அக்கா வந்தபோது அழவில்லை, கையைப் பிடிக்கவுமில்லை. கதிரையில் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"முகாம்ல இருக்கிற புள்ளையளுக்கு நம்மட மண்டபத்தில நாடகம் போடப் போறமாம். லைட் எடுக்கோணும். எனக்கு ஓர் ஆள் தேவை."

"என்னால நடிக்க ஏலாது அக்கா" என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு நான் சொன்ன முழு வசனம் அதுதான் என்று தமக்கை பிறகு சொன்னார்.

"நடிக்கச் சொல்லி இப்ப ஆரு கேட்ட? சும்மா நிக்க ஏலும்தானே?"

சும்மா நிற்பதைத் தவிர வேறு எதுவுமே அப்போது எனக்கு ஏலாது. மறுநாள் பஸ் ஏறிப் போனேன்.

வாவிக்குப் பக்கத்தில் இருந்த மண்டபம் அது. பின்னேர வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்து, காற்றோட்டத் துவாரங்களால் நுழைந்து கூரையில் ஆடிக்கொண்டிருக்கும். ஜெசிந்தா அக்கா துவாரங்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி அதை அடக்குவார். கதவையும் சாத்திவிட்டால் மேடையில் நான், இருட்டில் அவர். அவர் கண்ணுக்கு நான் தெரிவேன், என் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். குரல் மட்டும் வரும். "கொஞ்சம் இடப்பக்கம். இன்னும். நில்லுங்க. கண்ணைக் கொஞ்சம் நிமித்துங்க. ஆ, எடுத்திட்டன். அடுத்ததுக்கு வாங்க." இடையில் ஊர்க்கதை சொல்வார். கடல் மீனை ஒருவரும் வாங்குகிறார்கள் இல்லை, வாவி மீனுக்கு விலை ஏறிவிட்டது, பக்கத்து வீட்டுச் சேவல் நேரம் தெரியாமல் கூவுகிறது. நான் பதில் சொல்லவேண்டிய கேள்வி ஒன்றும் அதில் இருக்காது.

முதல் நாள் நாலைந்து காட்சிகளின் கியூக்களைப் பதிந்தோம். அடுத்த நாள் போனால், அவர் பெட்டிக்கு முன்னால் நெற்றியில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

"எல்லாம் அழிஞ்சு போச்சு புள்ள. ராவு கரண்ட் போச்சுதானே, இந்தக் கிழட்டுப் பெட்டி எல்லாத்தையும் மறந்திட்டு. ஒண்டில இருந்து தொடங்கோணும்."

'அழிஞ்சு போச்சு' என்ற சொல்லை என் முன்னால் சொல்வதற்கு அப்போது எவருக்கும் தைரியம் இருக்கவில்லை. அவர் அதை ஒரு பெட்டியைப் பற்றிச் சாதாரணமாகச் சொன்னார். நாங்கள் ஒன்றில் இருந்து தொடங்கினோம். மறுநாளும் கரண்ட் போனது, பெட்டி மறந்தது. அதற்கு அடுத்த நாளும் அதே கதை. அந்த நாட்களில் கரண்ட் போகாத நாள்தான் அதிசயம் என்பதால் நான் சந்தேகப்படவில்லை. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இந்தச் சனியன் பெட்டியைத் தூக்கி வாவிக்க போடுங்க அக்கா!" என்று மேடையில் இருந்து கத்தினேன். மண்டபம் முழுக்க என் குரல் எதிரொலித்தது. கடல் வந்த பிறகு எனக்கு வந்த முதல் கோபம் அது. இருட்டுக்குள் இருந்து, "நல்லாக் கேக்குது, குரல் பழுதாகேல்ல" என்று பதில் வந்தது.

இன்னொரு நாள் ஒரு காட்சிக்காக நிலத்தில் முழங்காலிட்டு இருக்கச் சொன்னார். மகளுக்குச் சப்பாத்துப் பூட்டிவிடும்போது நான் அப்படித்தான் இருப்பேன். உடைந்துவிட்டேன். அவர் ஓடி வரவில்லை. லைட்டை அணைக்கவுமில்லை. மெல்ல மெல்ல இறக்கி, என்னுடைய முகம் எனக்கே கூச்சமில்லாத அளவுக்குக் குறைத்து, அப்படியே விட்டுவைத்தார். நெடுநேரத்துக்குப் பிறகு குரல் மட்டும் வந்தது. "அழுறதெண்டால் அழுங்க. நான் லைட்டைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

இப்படியே எவ்வளவு காலம் போனது என்று நான் எண்ணவில்லை. ஒருநாள் நின்றுகொண்டிருக்கையில் அந்தக் காட்சியில் வரும் வசனத்தை வாய் தானாகவே சொல்லிவிட்டது. வேறொரு நடிகைக்குக் கொடுத்திருந்த வசனம். அடுத்த நாள் போனபோது பெட்டிக்கு முன்னால் இருந்த ஜெசிந்தா அக்காவின் முகத்தில் அவ்வளவாகச் சந்தோசம் இல்லை. "இண்டைக்கு ஒண்டும் அழியேல்ல" என்றார். "எல்லாம் இருக்குது. லைட் எடுத்து முடிஞ்சிது. இனி நீங்க ஒத்திகைக்குத்தான் வரோணும்." போனேன். நடித்தேன். பிள்ளைகள் சிரித்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. பெட்டி அதற்குப் பிறகு எதையும் மறக்கவில்லை. அது ஏன் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

அவர் எப்போதும் இனியவராக இருந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு நாடகத்துக்கு நீல நிறம் வேண்டுமா வேண்டாமா என்று தொடங்கிய சண்டையில் என்னோடு மாதக் கணக்காகக் கதைக்காமல் இருந்தார். மேடையில் இருந்த என் முகத்தில் மட்டும் அந்த நாடகம் முழுக்க லைட் ஒரு மட்டம் குறைவாகவே விழுந்தது. அதைக் கேட்டதற்கு, "உங்களுக்குத்தானே நீலம் வேணுமெண்டீங்க?" என்றார்.

சில வருடங்கள் கழித்து, பெட்டியின் பிடிகள் இரண்டு இறுகிவிட்டன என்று ரமணனைக் கூப்பிட்டோம். அவர் பெட்டியைத் திறந்து தூசு தட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அக்கா அன்று வரவில்லை. நான் வெறும் கதைக்காக, "இதிட மறதி வியாதிக்கும் ஏதாவது பாருங்க" என்றேன். ரமணனுக்கு விளங்கவில்லை. கரண்ட் போனால் கியூ எல்லாவற்றையும் மறந்துவிடுமே என்றேன். அவர் சிரித்தார்.

"இது மறக்காது அக்கா. உள்ளுக்க பற்றரி இருக்குது. நாளைக்கு வயரைக் கழட்டி வச்சிட்டு அடுத்த வருசம் வந்து போட்டாலும் எல்லாம் அப்பிடியே இருக்கும். நாங்களா அழிச்சாத்தான் அழியும். அதுவும் லேசில அழியாது. உண்மையா அழிக்கவோ எண்டு ஒருக்கா கேக்கும், நாம ஓம் எண்டு திரும்ப அமத்தோணும்."

நான் போய்ப் பார்வையாளர் கதிரை ஒன்றில் இருந்தேன். ஒவ்வொரு நாளும் நான் பஸ் ஏறிப் போனபிறகு, அந்த மனுசி தனியே இருந்து, தன்னுடைய ஒரு நாள் உழைப்பைத் தானே அழித்திருக்கிறார். நான் நாளைக்கும் வரவேண்டும் என்பதற்காக. நாளைக்கு வருவதற்கு எனக்கு வேறொரு காரணமும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நன்றி சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். சொல்லியிருந்தால் என்ன ஏச்சு விழுந்திருக்குமோ தெரியாது. சொல்லவில்லை.

யுத்தம் முடிந்தது என்று சொன்ன நாட்களில் பட்டாசு வெடித்தது. பட்டாசுச் சத்தத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளும் இருந்தன. ஜெசிந்தா அக்காவின் வீடு அவற்றில் ஒன்று. அவருடைய மகனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. முகாம்களில் இருந்து வந்தவர்களிடம் படத்தைக் காட்டினார். சிலர் கண்டோம் என்றார்கள், சிலர் காணவில்லை என்றார்கள். கண்டோம் என்றவர்களும் இருவிதமாகச் சொன்னார்கள். அவர் தொழிலுக்குப் போவதை நிறுத்தினார். பூசைக்கும் போகவில்லை. அடுப்பு மூட்டுவதே இல்லை என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள்.

நான் போனேன். ஆறுதல் சொல்லப் போகவில்லை. ஆறுதல் எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்குத் தெரியும். அவர் சீமெந்து நிலத்தில் சுவரில் சாய்ந்து இருந்தார். நானும் இருந்தேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அக்கா, பெட்டியில எல்லாம் அழிஞ்சு போச்சு. ஒரு கியூவும் இல்ல."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த மட்டக்களப்பு முழுவதிலும் என்னைத் தவிர, அது பொய் என்று தெரிந்த ஒரே பெண் அவர். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். பிறகு மெல்லக் கேட்டார்.

"கரண்ட் போச்சோ?"

"ஓம் அக்கா. போச்சு."

"கிழட்டுப் பெட்டி" என்றார். நிலத்தில் கையை ஊன்றி எழும்பி, செருப்பைத் தேடினார்.

மண்டபத்துக்குப் போய் அவர் பெட்டிச் சுவிச்சைப் போட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். திரையில் எல்லாக் கியூக்களும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. அதை எனக்கு அழிக்கவும் தெரியாது. பச்சை எழுத்தில் நம்பர்கள் வரிசையாக நின்றன. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பிறகு அவர் ஒரு பட்டனை அமத்தினார். பெட்டி ஏதோ கேட்டது. திரும்பவும் அமத்தினார். திரை வெறுமையானது.

"ஓம்தான் புள்ள, ஒண்டுமில்ல" என்றார். "போய் நில்லுங்க."

அந்த மழைக்காலம் முழுக்க நான் நின்றேன். நாடகம் ஒன்றும் போடுவதாக இருக்கவில்லை. அது எங்களுக்குத் தடையாகவும் இருக்கவில்லை. சில நாட்களில் அவர் ஒரு சொல்லும் கதைக்கமாட்டார், லைட் மட்டும் ஏறி இறங்கும். சில நாட்களில் இருட்டுக்குள் இருந்து மகனைப் பற்றிச் சொல்வார். சின்ன வயதில் ஏணிக்குக் கீழே நின்று பல்ப் எடுத்துக் கொடுப்பானாம், சோற்றுக்குத் தயிர் இல்லாவிட்டால் எழும்பிப் போய்விடுவானாம், பிறகு தாயைவிட ஒரு முழம் உயர்ந்துவிட்டானாம். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். ஒருநாள் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து மேடையில் வைத்துவிட்டு, அதன் மேல் ஏறி நிற்கச் சொன்னார். ஏறினேன். அவ்வளவு உயரமான நடிகர் எங்கள் குழுவில் யாரும் இல்லை. லைட் மெல்ல ஏறி, என் முகத்தைத் தேடி வந்து நின்றது. நெடுநேரம் அசையாமல் நின்றேன். 'எடுத்திட்டன்' என்று அவர் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக லைட்டை இறக்கி, கடைசியில் முழுவதும் இருட்டாக்கிவிட்டு, "இறங்குங்க, விழுந்திடாதீங்க" என்றார். அதை அவர் பதியவில்லை.

அவருக்கு அதனால் சுகம் வந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். கடைசிவரை மகனின் படத்தோடு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். ஆனால் திரும்பவும் வயர் இழுத்தார், ஏணியில் ஏறினார், ஏசினார். அடுப்பும் மூட்டினார்.

எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்ததைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. அதற்குப் பதிலாக ஒரு பழக்கம் வந்தது. என் மகளின் பிறந்த நாளிலோ, தமக்கை கண்மூடிய பிறகு வெறும் வீட்டில் தனித்திருக்க ஏலாத ஒரு பின்னேரத்திலோ, நான் டெலிபோன் எடுத்து, "அக்கா, கரண்ட் போச்சு" என்பேன். லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும். அவர் கேள்வி கேட்கமாட்டார். "வாறன்" என்பார். ஓட்டோ பிடித்துச் செங்கலடிக்கு வந்து, தேத்தண்ணி குடித்து, என் வீட்டு வயரிங்கில் பத்துப் பிழை பிடித்துவிட்டுப் போவார். அவர் டெலிபோனில் அதையே சொன்னால் நான் போவேன். காலில் வீக்கம் வந்து வெளியே போகாமல் இருந்த கடைசி நாட்களில் அவர்தான் கூடுதலாக எடுத்தார்.

அவரை அடக்கம் செய்துவிட்டு அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். எல்லா லைட்டையும் போட்டுவிட்டு நடுவில் இருந்தேன். ஜெசிந்தா அக்காவிடம் இருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது 'கரண்ட் போச்சு' என்ற அந்த ஒரு வசனம்தான். இனி அதை நான் யாருக்கு டெலிபோனில் சொன்னாலும், "டிரிப் சுவிச் விழுந்திருக்கும், பாருங்க" என்றுதான் சொல்வார்கள்.